சிவப்பு எச்சரிக்கை நாளில் பேர் உண்டா?

2025 நவம்பர் கடைசியில் வீசிய டித்வா புயல் இந்த நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் அது மண்சரிவாகவே வந்தது. கரண்ட் போனது, பாதைகள் உடைந்தன, பல இடங்களில் போனும் வேலை செய்யவில்லை. அந்த நாட்களைப் பற்றிப் பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன. இந்த இதழில் ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கிறோம். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில், மலைக்குப் போகாமல் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போகும் தொழிலாளிக்கு அன்றைய பேர் விழுமா, விழாதா?

சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். உயிர் பெரிதா, ஒருநாள் சம்பளம் பெரிதா என்று கொழும்பில் உட்கார்ந்து கேட்பது சுலபம். நாட்கூலியில் அரிசியும் மாவும் வாங்கும் வீட்டில் அந்தக் கேள்வி அப்படி வருவதில்லை. மூன்று தடவை எச்சரிக்கை வந்து, மூன்று தடவையும் பேர் போய், மலையும் சரியாமல் இருந்தால், நாலாம் தடவை அந்தத் தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குத்தான் போவாள். எச்சரிக்கையை மதிக்காத மக்கள் என்று பிறகு நம்மைப் பற்றிச் சொல்வார்கள்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தையில் அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கனவே சொல்லியிருந்தது. போகச் சொன்னவர்கள் போவதற்குக் காணி கொடுக்கவில்லை. உயிர் தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்க இரண்டு வருடங்கள் பிடித்தன. வீடு கிடைத்தது என்று இன்று பெருமையாகப் பேசுகிறார்கள். அதே வீடுகளைச் சரிவுக்கு முன்னால் கட்டியிருக்க முடியும்.

காணிக்கான போராட்டம் நீண்டது. ஆனால் மழை அதுவரை காத்திருக்காது. ஆகவே லயத்தில் இருந்தபடியே செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

எச்சரிக்கை மூன்று நிறத்தில் வருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். இதற்கு அடிப்படை மழையின் அளவு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் முதல் நிலை. 100 என்றால் இரண்டாவது. 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டிய நிலை. அங்குலத்தில் சொன்னால் ஏறக்குறைய 3, 4, 6.

இதை அளக்க மெஷின் தேவையில்லை. அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும், ஆறு அங்குலத்தைவிட உயரமாகவும் உள்ள ஒரு டின் போதும். வாய் அகலமா ஒடுக்கமா என்பது கணக்கில்லை. கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத திறந்த இடத்தில், காற்றில் சாயாதபடி நிமிர்த்தி வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பிள்ளையின் அடிமட்டத்தை விட்டு அளந்து, கொப்பியில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பெரிய மழை நாளில் மட்டும் கொட்டாமல் அடிக்கடி பாருங்கள். லயத்துக்கு ஒரு டின், அதற்கு ஒரு ஆள். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்யும்.

அநேகமான தோட்டங்களில் மழைமானி இருக்கிறது. தினமும் அளந்து எழுதுகிறார்கள். கொழுந்துக் கணக்குக்காக எழுதப்படும் அந்த எண், லயத்தில் படுத்திருக்கும் மனிதருக்கு ஏன் தெரியக்கூடாது? கொழுந்து மடுவத்திலும் பெரட்டுக்களத்திலும் ஒரு பலகையில் காலையும் மாலையும் அதை எழுதிப் போட நிர்வாகத்துக்குச் செலவு ஒரு சோக்குக்கட்டி.

மழையின் அளவு குறைவாக இருந்தாலும் சில அடையாளங்களைக் கண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். காம்பராவின் தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு வருவது, நேற்று வரை மூடிய கதவு இன்று இறுகுவது, மரமும் கரண்ட் தூணும் சாய்வது, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, மேட்டில் புதிதாக ஊற்றுக் கிளம்புவது, மலைக்குள்ளிருந்து உறுமல் கேட்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் பக்கத்துக் காம்பராக்களுக்குச் சத்தம் கொடுத்து இறங்குங்கள். இறங்கும்போது ஓடையோரமாகப் போகாதீர்கள், மண் அந்த வழியாகத்தான் வரும். பிறகு 117க்குப் பேசுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டத் தலைவருக்கும் சொல்லுங்கள்.

போனில் வரும் அறிவுரைகள் எல்லாம் குடும்பம் முழுவதும் ஒரே வீட்டில் இருப்பதாக நினைத்து எழுதப்பட்டவை. நம் குடும்பம் பகல் பத்து மணிக்கு எங்கே இருக்கிறது? அம்மா மலையில், கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில், பெரியவன் பள்ளிக்கூடத்தில், அப்பா நகரத்தில் கூலி வேலையில், பாட்டி லயத்தில் தனியாக. அந்த நேரத்தில் சிவப்பு வந்தால் யார் யாரை எடுப்பது? மலையிலிருந்து இறங்கும் தாய் முதலில் எங்கே ஓடுவாள்? இதை மழை வந்த பிறகு யோசிக்க முடியாது. ஒவ்வொரு லயமும் ஒரு மாலை கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். நடக்க முடியாதவரைத் தூக்க இரண்டு பேர். பிள்ளைக்காம்பராவுக்குப் போக ஒருவர். எல்லோரும் போய்ச் சேரும் இடம் ஒன்று. அந்த இடமே சரிவுக்குக் கீழே இருக்கிறதா என்பதையும் முதலே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் எல்லாத் தோட்டத்திலும் நல்ல நிலத்தில் நிற்கவில்லை. செம்மஞ்சள் வந்த அன்றே இருட்டுவதற்கு முன் கர்ப்பிணிகள், குழந்தைகள், நோயாளிகளை அனுப்பிவிடுவது நல்லது. மாடு வைத்திருப்பவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948இல் பிரஜாவுரிமையை இழந்த சமூகம் நாம். எஞ்சியிருந்தவர்களுக்கு அது கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக எத்தனை தடவை கச்சேரிக்கு நடந்தோம் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதி அட்டை, வங்கிப் புத்தகம், அஸ்வெசும காகிதங்கள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் தண்ணீர் போகாத பொலித்தீன் பையில் ஒன்றாகக் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்துக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அதே பையில் பிரஷர், சீனி மருந்து ஒரு கிழமைக்கு, டோர்ச், கொஞ்சம் பணம். நகையை எடுக்கப் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் உயிர் போய்விடும்.

லயத்துக்குப் பின்னால் சமையலறையைப் பெரிதாக்க மண்ணை வெட்டுவதைப் பல தோட்டங்களில் பார்க்கிறோம். இடநெருக்கடி புரிகிறது, ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால் வேறு என்ன செய்வது. ஆனாலும் அந்த மேட்டின் காலை வெட்டினால் அது நம் மேலேயே உட்காரும். வெட்டியவர்கள் பின்னால் தண்ணீர் தேங்காமலாவது பார்த்துக்கொள்ளுங்கள். மலைகளில் கான் வெட்டுவது கம்பெனியின் வேலை. தூர்ந்துபோன கானிலிருந்து மழைத்தண்ணீர் எங்கே போகும்? மண்ணுக்குள்தான். 1992இல் தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்த பிறகு கானுக்கு ஆள் போடுவது குறைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். மழை விட்டதும் லயத்துக்குத் திரும்ப வேண்டாம், சோதித்து அனுமதி வரும்வரை பொறுங்கள். மழை நின்ற பின்னும் ஊறிய மலை சரியும்.

நிர்வாகங்களிடமும் அரசாங்கத்திடமும் நாம் கேட்பது இதுதான். சிவப்பு எச்சரிக்கை உள்ள பிரிவில் அன்று மலையில் வேலை கூடாது, அந்த நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும், அரைப் பேர் அல்ல. ஆபத்தான இடமென்று அறிக்கை எழுதப்பட்ட லயங்களின் பட்டியல் தமிழில் தோட்டத் தலைவர் கையில் கிடைக்க வேண்டும். அங்கிருக்கும் குடும்பங்களுக்கான காணி, நிலத்தைச் சோதித்த பின் உறுதியுடன் வழங்கப்பட வேண்டும். ஒரு சரிவிலிருந்து தூக்கி இன்னொரு சரிவில் வைப்பதை ஏற்கமாட்டோம்.

தோட்டக் கமிட்டிகள் இந்த மாதக் கூட்டத்திலேயே, எந்த லயத்தில் வெடிப்பு இருக்கிறது, எத்தனை குடும்பம், போய்ச் சேரும் இடம் எது, கடந்த மழையில் எத்தனை பேருக்குப் பேர் வெட்டப்பட்டது என்பதை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மாதர் தலைவிகளும் கையெழுத்திட வேண்டும். கம்பெனிகளோடு பேசும்போது அந்தக் காகிதங்களை மேசையில் வைப்போம்.