மூன்றரை மணி வரைதான்



என்னிடம் ஒரு சின்ன கம்பெனியின் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. விலை 130 ரூபாய்க்கு வந்தால் விற்றுவிடலாம் என்று போன மாதம் ஆப்பில் லிமிட் ஆர்டர் போட்டேன். முந்தைய நாள் அது முடிந்த விலை 100. உடனே சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஆர்டர் நிராகரிக்கப்பட்டது.

விசாரித்த பிறகுதான் விளங்கியது. அந்தப் பங்குக்கு 5 சதவீத சர்க்யூட். 95-க்குக் கீழேயோ 105-க்கு மேலேயோ அன்றைக்கு எந்த ஆர்டரும் ஏறாது. விலையைத் தாறுமாறாக ஏற்றி இறக்குபவர்களைத் தடுக்கப் போட்ட வேலி அது. வேலி இருக்கட்டும். ஆனால் சர்க்யூட்டுக்குள் அடங்கும் விலையைப் போட்டாலும், தேசியப் பங்குச் சந்தையில் சாதாரண லிமிட் ஆர்டரின் ஆயுள் ஒரே நாள். மாலை 3.30-க்குக் காலாவதி. மறுநாள் மறுபடி போடவேண்டும். சந்தை திறக்கும் காலை 9.15-க்கு வகுப்பில் நிற்கும் ஆசிரியையும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரும் என்ன செய்வார்கள்? திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாதவர்களுக்குத்தானே லிமிட் ஆர்டர் அதிகம் தேவை!

புரோக்கர்கள் இதற்கு ஜி.டி.டி. என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஓராண்டு வரை இருக்கும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது காத்திருப்பது புரோக்கரின் கணினியில். சந்தையின் வரிசையில் அல்ல. நாம் குறித்த விலையைப் பங்கு தொட்ட பிறகுதான் ஆர்டர் சந்தைக்கே போகிறது. அங்கே ஒரே விலை கேட்பவர்களில் முதலில் வந்தவருக்குத்தான் முதலிடம். மூன்று மாதம் காத்திருந்தவர், அன்று காலையில் ஆர்டர் போட்டவருக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான். விலை ஒரு நொடி தொட்டுவிட்டு இறங்கினால் பங்கு விற்காமல் கையிலேயே தங்கிவிடும். வாங்கும் ஆர்டராக இருந்து, அந்த நேரத்தில் கணக்கில் பணம் இல்லையென்றால், அதுவும் நிராகரிப்புதான்.

இதில் வெறுத்துப்போய் மார்க்கெட் ஆர்டரைத் தட்டிவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அதிகம் கைமாறாத பங்கில் அப்படிச் செய்தால், எதிரில் இருக்கும் விலை எவ்வளவு மோசமானாலும் அதற்கே முடிந்துவிடும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

சந்தையின் வரிசையிலேயே பல நாள் நிற்கும் ஆர்டர் வேண்டும். நிராகரித்தால் காரணத்தைத் தமிழில் சொல்லவேண்டும். இந்த இரண்டையும் நம் பத்திரிகை விடாமல் கேட்கும். உங்கள் ஆர்டர் எதற்காவது திரும்பியிருந்தால், திரையில் வந்த அந்த வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்