இறங்கத் தெரிந்த முதலாளி

பெரிய தொழிலதிபர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அவர்கள் ஏறிய படிகளைத்தான் எண்ணிக் காட்டுகிறார்கள். இறங்கிய படிகளை எண்ணுவார் இல்லை. ஜப்பானில் ஹோண்டா மோட்டார் கம்பெனியை நிறுவிய சோய்சிரோ ஹோண்டாவின் விஷயத்தில், அவர் இறங்கிய விதம்தான் விசேஷம்.

ஏறிய கதை பலரும் கேட்டதே. ஹமமட்ஸு நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் 1906-ல் கொல்லர் மகனாகப் பிறந்தார். 1922-ல் டோக்கியோவில் ஒரு மோட்டார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அங்கே முதலில் கிடைத்த உத்தியோகம், முதலாளியின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது! பின்னர் பிஸ்டன் வளையம் செய்யப் புகுந்தார். வளையம் சரியாக வரவில்லை. முப்பது வயதில் மறுபடி பள்ளிக்குப் போய் உலோக சாஸ்திரம் படித்தார். யுத்தம் முடிந்ததும் ராணுவம் விட்டுச்சென்ற சிறு என்ஜின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்றார். 1948-ல் கம்பெனி பிறந்தது. மறு வருஷம் டக்கேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். யந்திரம் ஹோண்டாவின் பாடு. வரவு செலவும் விற்பனையும் ஃபுஜிசாவாவின் பாடு. ஜப்பானில் கையெழுத்துக்குச் சமமான கம்பெனி முத்திரையையே ஹோண்டா அவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

சோதனை வந்தது வெற்றிக்குப் பிறகுதான். கார் என்ஜினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் பிடிவாதம். தண்ணீரை ஓடவிட்டாலும் அந்தத் தண்ணீரைக் குளிர்விப்பது காற்றுத்தானே என்று வாதாடினார். 1969-ல் அந்த முறையில் வந்த ‘ஹோண்டா 1300’ கார் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. நச்சுப் புகையைக் குறைக்கத் தண்ணீர் முறையே ஏற்றது என்று இளம் எஞ்சினீயர்கள் கருதினார்கள். ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்?

ஃபுஜிசாவா கட்டினார். நீங்கள் கம்பெனித் தலைவரா, எஞ்சினீயரா என்று கேட்டார். தலைவர்தான் என்றார் ஹோண்டா. அத்துடன் வாதம் முடிந்தது. தண்ணீர் முறைக்கு அனுமதி கிடைத்தது. அவரை நேருக்கு நேர் கேட்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருந்தது ஹோண்டாவின் பாக்கியம். நம் கடைத்தெருக்களில் முதலாளியின் முன் வாய் திறக்கும் கணக்கப்பிள்ளை எத்தனை பேர்?

1970-ல் அமெரிக்கா கொண்டுவந்த கடுமையான புகைச் சட்டத்துக்கு ஈடுகொடுக்கும் ‘ஸி.வி.ஸி.ஸி.’ என்ஜின் 1972-ல் தயாராயிற்று. பெரிய கார் கம்பெனிகளை எட்டிப்பிடிக்க இது சரியான சந்தர்ப்பம் என்று ஹோண்டா பூரித்தார். இளைஞர்களுக்கு அந்தப் பேச்சு ருசிக்கவில்லை. தாங்கள் உழைப்பது போட்டிக்காக அல்ல, ஜனங்களுக்காக என்றார்கள். கோபித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தமக்கு வயதாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

1973-ல் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள். ஒருவருக்கு 66 வயது, மற்றவருக்கு 62. மகனுக்கு நாற்காலி, மைத்துனனுக்குக் கல்லாப்பெட்டி என்ற ஏற்பாடெல்லாம் அங்கே இல்லை. 1947-லேயே வேலைக்குச் சேர்ந்த கியோஷி கவாஷிமா, 45 வயதில் தலைவரானார்.

ஹோண்டா அதன்பின் ஊர் ஊராகச் சென்று, தொழிற்சாலைகளிலும் விற்பனைக் கடைகளிலும் சிப்பந்திகளின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எண்ணெய்க் கறை படிந்த கையை நீட்டத் தயங்கிய தொழிலாளியின் கையையும் விடாமல் பற்றிக் குலுக்கினார்.