பொருத்துவோரும் ஆக்குவோரும்

ஒரு பொருள் ஓரிடத்தில் செய்யப்பெறுகின்றது என்பதற்கும், அப்பொருளை ஆக்கும் அறிவு அவ்விடத்து மக்களிடம் உள்ளது என்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. இவ்வேறுபாட்டை நம் ஆட்சியாளர்கள் மறைக்கின்றனர். நம் மக்களோ இன்னும் உணர்ந்தாரல்லர். திருப்பெரும்புதூரில் கொரிய நாட்டுச் சாம்சங் குழுமத்தின் தொழிலகம் 2007-இல் எழுந்தது. அங்குக் குளிர்ப்பெட்டிகளும் துவைப்பொறிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றன. புதுச்சேரியில் அமெரிக்க வேர்ல்பூல் குழுமத்தின் துவைப்பொறித் தொழிலகம் உள்ளது. 'தமிழகம் வீட்டுப்பொறி ஆக்கத்தில் தலைநின்றுவிட்டது' என்று மேடைதோறும் முழங்குவோர்க்கு இவை போதும். நமக்குப் போதுமா? அதனைத்தான் இங்கு ஆராய வேண்டியுள்ளது.

குளிர்ப்பெட்டி என்பது என்ன? வெளியே தெரியும் இரும்புத் தகடும், உள்ளே வார்த்த நெகிழியும், கதவும், தட்டும் குளிர்ப்பெட்டி ஆகா. அதன் பின்புறத்து அடியில், கருநிறம் பூசிய எஃகு உறைக்குள், யாரும் திறந்து பார்க்கவொண்ணாதவாறு பற்றவைத்து மூடப்பெற்ற ஓர் உறுப்பு உண்டு. கம்பிரசர் என மக்கள் வழங்கும் அமுக்கி அது. ஒரு மின்னோடியும், அதனால் இயங்கும் உந்துதண்டும் அவ்வுறைக்குள் எண்ணெயில் தோய்ந்தவாறு பல்லாண்டுகள் ஓயாது உழைக்கின்றன. குளிர்மமாகிய வளியை அது அமுக்குகின்றது. அமுக்கப்பெற்ற வளி சூடேறிப் புறத்தே உள்ள குழாய்களில் வெப்பத்தைக் கழித்து நீர்மமாகின்றது. அந்நீர்மம் மயிரிழை போன்ற நுண்குழாய் வழியே பாய்ந்து விரிந்து மீண்டும் வளியாகுங்கால், பெட்டிக்குள் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. வினை இவ்வளவே. ஆயின் அவ்வுறைக்குள் உள்ள உறுப்புகளின் இடைவெளி மயிரிழையினும் நுண்ணியது. அதனை ஆக்கத் தெரிந்தவனே குளிர்ப்பெட்டியை ஆக்குபவன். ஏனையோர் எல்லாரும் பொருத்துபவரே!

இந்திய நடுவணரசுக்கும் இவ்வுண்மை காலங்கடந்தேனும் தெரிந்துதான் இருக்கின்றது. 2020 அக்தோபரில், குளிர்மம் நிரப்பப்பெற்ற குளிர்வளிப் பொறிகளை வெளிநாடுகளினின்று இறக்குவதற்கு அது தடை விதித்தது. குளிர்மம் நிரப்பாத வெறும்பொறியை இறக்க அத்தடை குறுக்கே நிற்கவில்லை! வெளியினின்று பொறியைக் கொணர்ந்து, இங்கு வளியை மட்டும் நிரப்பிவிட்டால் அது நம்மூர்ப் பொருளாகிவிடும் போலும். பின்னர் 2021-இல் குளிர்வளிப் பொறி, ஒளிவிளக்கு ஆகியவற்றின் உறுப்புகளை இங்கேயே செய்வதற்கு 6,238 கோடி உருபா ஊக்கத்தொகையை அவ்வரசு ஒதுக்கியது. குளிர்ப்பெட்டியும் துவைப்பொறியும் அத்திட்டத்துள் வரவில்லை. அமுக்கி செய்யும் தொழிலகம் ஒன்றைத் திருப்பெரும்புதூரில் 1,588 கோடி உருபாவில் அமைப்பதாகச் சாம்சங் குழுமம் 2022-இல் அறிவித்தது. வரட்டும், வரவேற்போம். ஆனால் அவ்வமுக்கியின் வரைபடம் எவரிடம் இருக்கும்? அதனைத் திருத்தும் உரிமை எவர்க்கு உண்டு? 'ஏன் இந்த அளவு? ஏன் இந்த மாழை?' என்று வினவும் இடத்தில் நம் இளைஞன் ஒருவன் அமர்த்தப்பெறுவானா? விடை சூவோனில் உள்ள தலைமையகத்தில் இருக்கின்றது, சுங்குவார்ச்சத்திரத்தில் இல்லை.

கொரியரைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர்களைப் பார்த்து நாம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு. 1910 முதல் 1945 வரை சப்பானியர்க்கு அடிமைப்பட்டு, தம் தாய்மொழியைப் பள்ளியிற் பேசவும் தடுக்கப்பெற்ற மக்கள் அவர்கள். விடுதலை பெற்று இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1969-இல், அச்சப்பானியரின் சான்யோ குழுமத்தோடு கூட்டு வைத்தே சாம்சங் மின்னணுத் தொழிலைத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1965-இல், இன்று எல்.சி. எனப்படும் குழுமம் கொரியாவின் முதல் குளிர்ப்பெட்டியைச் செய்திருந்தது. தொடக்கத்தில் அவர்களும் பொருத்துவோரே. ஆனால் பொருத்துவதோடு நின்றாரல்லர்.

நுண்ணலை அடுப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1976-இல் சாம்சங் தன் பொறியாளர் ஒருவரிடம் அவ்வடுப்பை உருவாக்குமாறு பணித்தது. அமெரிக்கப் பேரியக்கமாகிய செனரல் எலெக்ட்ரிக்கின் அடுப்பு ஒன்றைக் கொணர்ந்து அக்கக்காகக் கழற்றி ஆராய்ந்தனர். முதலில் செய்த அடுப்பை இயக்கியவுடன் அதன் நெகிழிப் பகுதிகள் உருகிப் போயின. மீண்டும் செய்தனர், மீண்டும் கெட்டது. 1978-இல்தான் உருகாத அடுப்பு ஒன்று கிடைத்தது. முதலில் பனாமா நாட்டிலிருந்து 240 அடுப்புகள் கேட்டு வந்த சிற்றாணையைக்கூட அவர்கள் எள்ளவில்லை. அவ்வடுப்பின் உயிர்நிலை மாக்னெட்ரான் எனும் அலையாக்கி. அதனைச் சப்பானியரிடம் வாங்கிக்கொண்டே காலந்தள்ளியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், அமெரிக்காவில் நலிந்துபோன அலையாக்கித் தொழிலகம் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் பொறிகளையெல்லாம் கழற்றிக் கப்பலேற்றித் தம் நாட்டிற்கே கொண்டுவந்து சேர்த்தனர். 1983-இல், எவருடைய அடுப்பைக் கழற்றிப் பார்த்தார்களோ அந்தச் செனரல் எலெக்ட்ரிக்கே, 'எமக்கும் நீவிரே அடுப்புச் செய்து தருக' என்று அவர்களிடம் வந்து நின்றது. ஏழே ஆண்டுகள்!

திருப்பெரும்புதூரில் தொழிலகம் எழுந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நாம் எதனைக் கழற்றிப் பார்த்தோம்?

'தமிழனுக்கு அது வராது' என்று உடனே சிலர் உதட்டைப் பிதுக்குவர். அவர்கள் ஒருமுறை கோவைக்குச் சென்று வருவாராக. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவை வட்டாரத்து ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்னாற்றல் வந்தது. கிணற்றுக்கு இறைப்பி வேண்டும். இறைப்பிக்கு மின்னோடி வேண்டும். மின்னோடிக்கு வார்ப்பகமும் கடைசல் பட்டறையும் கம்பி சுற்றும் கைகளும் வேண்டும். தேவை ஒன்றையொன்று பெற்றெடுத்தது. 1937-இல் கோ. து. நாயுடு அவர்களின் முயற்சியில் பீளமேட்டில் செய்யப்பெற்றதே இத்துணைக்கண்டத்தின் முதல் மின்னோடி என்பர். வெள்ளையன் ஆண்ட காலத்தில், எந்த அரசும் ஊக்கத்தொகை வழங்காத நிலையில், அது நடந்தது.

அந்த மின்னோடி ஒருநாள் அடுக்களைக்குள் நுழைந்தது. கிரைண்டர் என்று நாம் சொல்லிப் பழகிவிட்ட மாவாட்டும் பொறியைக் கோவையைச் சேர்ந்த சபாபதி என்பார் 1955-இல் உருவாக்கினார். ஆட்டுரலில் உரல் அசையாது நிற்கும், குழவி சுழலும். கையால் ஆட்டுவதற்கு அதுவே எளிது. மின்னோடிக்கோ அது கடிது. எனவே பொறியில் உரல் சுழல்கின்றது. குழவி ஓரிடத்தில் நின்று அதன்மேல் உராய்கின்றது. காலங்காலமாக இருந்த ஒன்றை இவ்வாறு தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் அறிவை எந்த வெளிநாட்டானும் நமக்குக் கற்பிக்கவில்லை. கற்பித்திருக்கவும் முடியாது, ஏனெனில் அவனுக்கு இட்டிலி மாவின் பதம் தெரியாது! ஊத்துக்குளி வட்டாரத்துக் கல், கோவை வார்ப்பு, கோவை மின்னோடி, தெருவோரப் பட்டறைகளில் கல் கொத்துவோரின் கைத்திறம் ஆகிய இவையெல்லாம் கூடிப் பிறந்த பொருள் அது. கல்லைக் கொத்துபவனுக்கு அது ஏன் அவ்வளவு கரடுமுரடாக இருக்க வேண்டும் என்று தெரியும். மின்னோடி சுற்றுபவனுக்கு மாவு இறுகினால் எவ்வளவு சுமை ஏறும் என்று தெரியும். இதற்குப் பெயர்தான் ஆக்கம். கோவை மாவாட்டும் பொறிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தகைய ஒரு தொழிலை ஓர் அரசு எவ்வாறு போற்ற வேண்டும்? நடுவணரசு போற்றிய வகை இது: 2017-இல் சரக்கு வரி வந்தபோது மாவாட்டும் பொறிக்கு 28 விழுக்காடு வரி விதித்தனர். இன்பப் பொருள்களோடு ஆட்டுக்கல்லையும் சேர்த்து எண்ணிய அறிவை என்னென்பது! கோவைப் பட்டறையாளர்கள் கதறியபின் படிப்படியாகக் குறைத்து 5 விழுக்காடாக்கினர். 2022 சூலையில் மீண்டும் 18 விழுக்காடாக ஏற்றினர். தில்லியில் அமர்ந்து வரி விதிப்பவர் வீட்டில் மாவு ஆட்டுவதில்லை. அதற்கு நாம் வரி கட்டுகின்றோம்.

மாநில அரசு ஒருமுறை நல்லது செய்தது. 2011-இல் முதலமைச்சர் செயலலிதா அவர்களின் அரசு, குடும்ப அட்டை உடைய வீடுகளின் பெண்டிர்க்கு விலையில்லா மாவாட்டும் பொறியும் மின்னரைப்பானும் விசிறியும் வழங்கத் தொடங்கியது. வாக்குக்காகக் கொடுத்தார் என்று ஏளனம் செய்தவர் பலர். பெண்களின் தோள்வலி அவர்களுக்குத் தெரியாது. நமக்கு உள்ள குறை வேறு. அத்துணைப் பெரிய கொள்முதலைக் கையில் வைத்திருந்த அரசு, 'மின்னோடி இங்கே சுற்றப்பெற்றிருக்க வேண்டும். சிறு பட்டறைகள் ஒன்றுகூடி ஓர் ஆய்வகம் அமைக்க வேண்டும். மின்செலவைக் குறைக்கும் புதிய மின்னோடியைத் தருவார்க்கே அடுத்த ஆணை' என்று கட்டளையிட்டிருக்கலாம். கொரிய அரசு அவ்வாறுதான் தன் தொழிலரை வளர்த்தது.

வளர்க்காமல் விட்டதன் விளைவைக் கண்முன் காண்கின்றோம். சென்னையில் 1978-இல் தொடங்கி, மின்னரைப்பான் என்றாலே அதுதான் என்னுமளவுக்கு வீடுதோறும் புகுந்த பிரீத்தியை 2011-இல் ஆலந்து நாட்டுப் பிலிப்சு வாங்கிற்று. பட்டர்பிளை என்னும் பெயரில் அடுப்பும் அரைப்பானும் செய்துவந்த நிறுவனத்தின் பெரும்பங்கை 2022-இல் குராம்ப்டன் குழுமம் வாங்கிற்று. (தமிழர் உழைப்பில் விளைந்த பொருள்களுக்கு ஒன்றற்கு வடமொழிப் பெயர், மற்றொன்றற்கு ஆங்கிலப் பெயர். அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு திங்கள் எழுதுவோம்.)

பெயர் என்றவுடன் வேறொன்றும் நினைவுக்கு வருகின்றது. 2024 செப்தம்பர் 9-ஆம் நாள் திருப்பெரும்புதூர்ச் சாம்சங் தொழிலகத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதியம் உயர வேண்டும் என்பதோடு, தாம் அமைத்த தொழிலாளர் கழகத்தை (தொழிற்சங்கத்தை) நிறுவனம் ஏற்க வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கை. அக்கழகத்தின் பெயரில் 'சாம்சங்' என்னும் சொல் இடம்பெறக் கூடாது என்று நிறுவனம் மறுப்புக் கூறிற்று! ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் அப்பெயரை ஒட்டுபவன் நம் தொழிலாளி. அவன் தன் கழகத்தின் நெற்றியில் அதனை ஒட்டினால் குற்றமாம். மாநில அரசின் தொழிலாளர் துறை கழகத்தைப் பதியாமல் இழுத்தடித்தது. காவல்துறை பந்தலைப் பிரித்துத் தொழிலாளரைத் தளையிட்டது. 37 நாள்களுக்குப் பின், அரசு நடுநின்று பேசி, அக்தோபர் நடுவில் போராட்டம் முடிவுற்றது. சென்னை உயர் வழக்குமன்றம் வரை சென்ற பின்னரே, 2025 சனவரியில், கழகம் பதியப்பெற்றது, அதே பெயரில்.

கொரியாவிலேயே இந்நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தொழிலாளர் கழகத்தை நுழையவிடாமல் வைத்திருந்தது. 2020 மே திங்களில் அதன் துணைத்தலைவர் இலீ சே-யோங், மக்கள்முன் தலைதாழ்த்தி, இனி அவ்வாறு நடவாது என்று உறுதிகூறினார். 2024 சூலையில் கொரியத் தொழிலாளரும் அங்கு வேலைநிறுத்தம் செய்தனர். தன் நாட்டு மக்கள்முன் கொடுத்த உறுதிமொழி நான்கே ஆண்டுகளில் கடல் தாண்டி வரும்போது கரைந்துபோனது ஏன்? பொருத்துவோன் என்றால் மாற்றத்தக்கவன் என்னும் எண்ணமே கரணியம். ஒருவன் போனால் வாயிலில் பத்துப்பேர் நிற்பர் என்னும் துணிவு அது. வரைபடம் அறிந்தவனிடம், அச்சு வெட்டத் தெரிந்தவனிடம் அவ்வாறு பேச முடியாது. ஆகவே ஊதியப் போராட்டத்தையும் தொழிலறிவுப் போராட்டத்தையும் வெவ்வேறாக எண்ணுவோர் இரண்டிலும் பாதியையே காண்கின்றனர்.

பேருழைப்பும் பெரும்பணமும் இன்றியே தொடங்கத்தக்க பணி ஒன்று உண்டு. ஊர்தோறும் பழுதாகி எறியப்பெறும் குளிர்ப்பெட்டிகள் குவிகின்றன. பழுது பார்ப்போர் அமுக்கியைத் திறப்பதில்லை. பழையதை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவர். வெட்டியெடுத்தது இரும்புக் கடைக்குச் செல்லும். நம் பல்தொழிற் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் அவற்றை எடைக்கு வாங்கட்டும். உறையை அறுத்து மாணவர் கையில் கொடுக்கட்டும். உந்துதண்டை அளக்கச் சொல்லட்டும். மின்னோடியின் சுற்றுகளை எண்ணச் சொல்லட்டும். அளந்ததையும் எண்ணியதையும் தமிழில் எழுதி, அடுத்த ஆண்டு வரும் மாணவர்க்குப் பொத்தகமாக்கி வைக்கட்டும். முதலில் செய்வது உருகும், கெடும். இரண்டாவதைச் செய்யும் வார்ப்பகமும் கடைசல் பட்டறையும் பீளமேட்டில் இன்னும் இருக்கின்றன.