‘வேலை செய்யவில்லை’ என்று சொன்னால் போதுமா?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் பிள்ளை பசிக்கு அழுகிறதா, காது வலிக்கு அழுகிறதா என்று தெரிந்தால்தானே தாய் ஏதாவது செய்ய முடியும்? கணிப்பொறி விஷயத்தில் நம் குடும்பங்களுக்கு அழவும் தெரியவில்லை. அழுதால் கேட்பதற்கு நம் மொழி அறிந்தவர்களும் அருகில் இல்லை. இவ்விரண்டைப் பற்றியும் நம் சங்க இதழில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

கம்பம்மெட்டில் நகல் எடுத்தல், தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புதல் ஆகியவற்றைச் செய்து தரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வரும் ஜீப்புகள் காலையில் மலையேறி வருவதையும் மாலையில் இறங்கிப் போவதையும் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவன். தலைமுறை தலைமுறையாக இம்மலையில் தங்கிவிட்ட நம் குடும்பங்களின் பிள்ளைகள் கேரளப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அப்பிள்ளைகளின் தந்தையர் சீட்டுப் பணத்திலும் கடனிலும் வாங்கிய மடிக்கணிப்பொறியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்து, “அண்ணே, லினக்ஸ் ஏற மாட்டேங்குது, என்னன்னு பாருங்க” என்று என் மேசைமேல் வைக்கிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எதற்கு லினக்ஸ் என்று சிலர் கேட்கலாம். கேரளத்தில் 2001ஆம் ஆண்டு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. படிப்படியாக அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிப் பாடம் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. அத்திட்டமே 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளில் இன்று பயன்படும் இயங்குதளம் கைட் வெளியிடுவது, உபுண்டுவின் 22.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. பிள்ளை பள்ளியில் பழகுவதை வீட்டிலும் பழக வேண்டுமானால் வீட்டுக் கணிப்பொறியிலும் அதுவே இருக்க வேண்டும். விலை கொடுக்க வேண்டியதில்லை. நண்பரிடம் இரவல் வாங்கி நகலெடுத்தாலும் குற்றமில்லை. ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. தொல்லை தொடங்குவது அதை நிறுவும் இடத்தில்தான்.

நான் அடிக்கடி காண்பவற்றைச் சொல்கிறேன். பென் டிரைவில் கோப்பு முழுமையாக இறங்காமலே நிறுவத் தொடங்குவார்கள், பாதியில் நின்றுவிடும். சில புதிய மடிக்கணிப்பொறிகளில் வன்தட்டு ‘ரெய்டு’ என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும். நிறுவும் நிரலுக்குத் தட்டே கண்ணில் படாது. ‘செக்யூர் பூட்’ என்ற பூட்டு, தான் அறியாத இயக்கியை உள்ளே விடாது. எல்லாம் முடிந்த பிறகு வை-பை மட்டும் வேலை செய்யாது. அல்லது திரை கறுத்துப் போய்விடும். விண்டோசும் லினக்சும் ஒன்றாக இருந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னும் பின்னும் ஓடும். உள்ளிருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்க, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். இவை எதுவும் தீராத நோயல்ல. வை-பை இல்லையென்றால் கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டே வேண்டிய இயக்கியை இறக்கிக்கொள்ளலாம். எது நோய் என்று தெரிந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் இருக்கிறது.

நோயை யாரிடம் சொல்வது என்பதுதான் முதல் குழப்பம். கைட் உபுண்டுவின் மேல் நிற்கிறது. 2004இல் வந்த உபுண்டு, 1993இல் தொடங்கிய டெபியனின் மேல் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் அறிவித்த லினக்ஸ் கரு இருக்கிறது. குறை இந்த நான்கு அடுக்குகளில் எதிலும் இருக்கலாம். கணிப்பொறியைச் செய்த நிறுவனத்தின் வன்பொருளிலும் இருக்கலாம். ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு இது எப்படித் தெரியும்? விற்ற கடைக்காரர், “நீங்கள் வேறு ஓ.எஸ். போட்டுவிட்டீர்கள், நாங்கள் பொறுப்பல்ல” என்கிறார். மென்பொருள் தெரிந்தவர், “இது வன்பொருள் கோளாறு” என்கிறார். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது புதிதல்ல. ஒரு சான்றிதழுக்கு அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் கேளுங்கள் என்பார்கள். இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் என்பார்கள். கணிப்பொறியிலும் அதே அலைச்சல்.

இரண்டாவது குறை நம்மிடம் இருக்கிறது. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் சொல்வது, “வேலை செய்யவில்லை” என்ற ஒரே சொல்தான். எந்தக் கட்டத்தில் நின்றது, திரையில் என்ன எழுதியிருந்தது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “ஏதோ இங்கிலீசில் வந்தது, அணைத்துவிட்டோம்” என்பார்கள். மருத்துவரிடம் போய், “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வோமா? எங்கே வலி, எப்போது முதல், என்ன சாப்பிட்டோம் என்று சொல்கிறோம் அல்லவா? சைமன் டேதம் என்ற ஆங்கிலேய நிரலாளர் 1999ஆம் ஆண்டிலேயே குறைகளை எப்படித் தெரிவிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டிருக்கிறது. அதன் சாரம் எளிது. நீங்கள் செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, கண்டது என்ன என்று மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள். பிழைச் செய்தியை ஓர் எழுத்து மாறாமல் கொடுங்கள். இதனால்தான் என்று நீங்களாகக் காரணம் கற்பித்து, கண்டதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

இதைச் சொல்லும்போது கேட்கும் இடத்தில் இருப்பவர்களையும் நான் விட்டுவிட விரும்பவில்லை. ஒரு முறை ஒரு மடிக்கணிப்பொறி நிறுவனத்தின் உதவி எண்ணில், வரிசை எண் முதல் பிழைச் செய்தி வரை அனைத்தையும் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர், “எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் விண்டோஸ் போடுங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டார். இன்னொரு முறை, எழுதிக் கேட்ட என் கேள்விக்கு, விவரம் அறிந்த தன்னார்வலர் ஒருவர், “இதுகூடத் தெரியாதவர் ஏன் லினக்சுக்கு வருகிறீர்கள்?” என்று பதில் எழுதினார். ஊதியமின்றி உழைப்பவர்களுக்குச் சலிப்பு வருவது இயற்கை; தினமும் ஒரே கேள்வியைக் கேட்டால் யாருக்கும் பொறுமை போகும். அவர்கள் நம் வேலைக்காரர்கள் அல்லர் என்பதை நாமும் உணர வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் பதிலைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை படித்திருந்தால், அவள் மீண்டும் ஒரு கேள்வி கேட்பாளா? டோர்வால்ட்ஸ் தம் 1991ஆம் ஆண்டு அறிவிப்பிலேயே, மற்றவர்களுக்கு என்னென்ன வசதிகள் வேண்டும் என்று கேட்டிருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தொடங்கிய ஒரு முயற்சியில், கேட்பவரை விரட்டும் பழக்கம் எப்படி வந்தது?

கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. குறையை ஒழுங்காகச் சொல்லும் பழக்கம் இல்லாததால் இழப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை, தமிழுக்கே இழப்பு. திரையில் ‘கெ’ என்ற எழுத்தின் கொம்பு முன்னால் வராமல் பின்னால் விழுந்தாலோ, ‘கொ’ உடைந்து நடுவில் புள்ளி வட்டம் ஒன்று தோன்றினாலோ, அயல்நாட்டில் இருக்கும் பொறியாளருக்கு அது பிழை என்றே தெரியாது. அவருக்கு எல்லாமே கோடுகள்தாம். அதைப் பிழை என்று சொல்லக்கூடியவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே. நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

மலையாள அன்பர்கள் இதை நமக்கு முன்பே உணர்ந்துகொண்டார்கள். 2002இல் தொடங்கிய ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற தன்னார்வக் குழுவினர், தங்கள் எழுத்து திரையில் உடைந்தபோதெல்லாம் அதைப் பதிவு செய்தார்கள். முடிந்தபோது தாங்களே திருத்தியும் கொடுத்தார்கள். எழுத்துருக்களை உருவாக்கி எல்லாருக்கும் இலவசமாக அளித்தார்கள். ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவையும் அவர்களே செய்து கொடுத்திருக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பக்கத்து வீட்டார் நமக்கும் சேர்த்துச் சமைத்து அனுப்பியிருக்கிறார்கள். நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். ஆனால் உப்பு கூடுதலா குறைவா என்பதையாவது நாம் சொல்ல வேண்டாமா?

தமிழில் புகார் எழுதினால் கேரளத்தில் யார் படிப்பார்கள் என்று தயங்குவோரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். குறை தீர்க்கக் கோரி மத்திய அரசின் அல்லது மாநில அரசின் எந்த அதிகாரிக்கும், அந்த ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் விண்ணப்பம் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று நம் அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு கூறுகிறது. அரசு நிறுவனம் வெளியிடும் மென்பொருளில் குறை கண்டால், அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது சலுகை கேட்பதாகாது. அந்த உரிமையை நாம் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம் என்பதே உண்மை.

சரி, செய்ய வேண்டியது என்ன? டெபியன் குழுவினரிடம் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. நிறுவி முடித்தவர்கள் ‘நிறுவல் அறிக்கை’ ஒன்றை அனுப்பலாம். கணிப்பொறியின் பெயர், செயலி, நினைவகம், எந்த முறையில் தொடங்கினோம் என்ற விவரங்களோடு, ஒவ்வொரு கட்டமும் அதில் வரிசையாக இருக்கும். வலையமைப்பு அட்டை கண்டறியப்பட்டதா, வன்தட்டு கண்டறியப்பட்டதா, தட்டு பிரிக்கப்பட்டதா, அடிப்படை அமைப்பு ஏறியதா என்று பார்த்து, சரியானதற்கு ஒரு குறி, பிழைக்கு ஒரு குறி இட வேண்டும். முயலாததை வெறுமனே விட்டுவிட வேண்டும். பிழையின்றி முடிந்தாலும் அனுப்பச் சொல்கிறார்கள். எந்தக் கணிப்பொறியில் தொல்லையில்லை என்பதும் அடுத்தவருக்குப் பயன்படும் செய்திதானே! நம் சங்கம் இதுபோன்ற படிவம் ஒன்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தாயும் அதை நிரப்பிவிடலாம்.

இரண்டாவதாக, திரையில் பிழை தோன்றியவுடன் அணைக்காமல் கைப்பேசியில் படம் எடுக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நிறுவும் நிரலைத் தமிழில் ஓட்டினால் பிழைச் செய்தியும் தமிழில் வரலாம். வெளிநாட்டுப் பொறியாளருக்கு அது புரியாது. ஆகவே படத்தோடு அதன் பொருளையும் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூன்றாவதாக, அந்த இரண்டு வரியை எழுதக்கூடிய இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெங்களூரிலும் கொச்சியிலும் கணிப்பொறி வேலை பார்த்துவிட்டு ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஊர் வரும் நம் பிள்ளைகள், வந்திருக்கும் நாட்களில் ஒரு பிற்பகலைச் சங்கத்துக்குக் கொடுத்தால், சேர்ந்திருக்கும் படிவங்களை உரிய இடங்களுக்கு அனுப்பிவிடலாம். நான்காவதாக, கிடைத்த தீர்வைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரே கணிப்பொறிக்கு ஒரே தொல்லை அடுத்த ஆண்டும் கட்டாயம் வரும்.

“இவ்வளவு பாடு எதற்கு? விண்டோசையே வைத்துக்கொண்டால் போகிறது” என்று சொல்லும் அன்பர்களை நான் குறை கூற மாட்டேன். பிழைப்புக்கு ஓடுகிறவர்களுக்கு நேரம் பெரிது. ஆனால் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நம் வீடுகளில் இருக்கும் பழைய கணிப்பொறிகள் பலவும் அதற்கு அடுத்த பதிப்பை ஏற்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டரசு 2011 முதல் மாணவர்களுக்கு அளித்த இலவச மடிக்கணிப்பொறிகளில் விண்டோசோடு ‘பாஸ்’ என்ற இந்திய லினக்சும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்? கொடுத்தால் மட்டும் போதாது. தடுமாறும்போது கைகொடுக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் நல்ல பொருளும் பரண்மேல் தூங்கும்.

பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காகவே மலையேறி வந்தவர்கள் நாம். ஏலக்காய் விலை சரிந்தால் யாரிடம் முறையிட வேண்டும் என்று நமக்குத் தெரியும். கூலி குறைந்தால் எப்படிக் கேட்க வேண்டும் என்றும் தெரியும். அதே தெளிவும் துணிவும் கணிப்பொறி முன்னாலும் நமக்கு வர வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் அந்த ஒரு பக்கப் படிவத்தைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வரைவை எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். திருத்திச் செம்மையாக்குவது உங்கள் பொறுப்பு.