தூர்வாரும் கப்பல் மக்கள் சொத்து!

வாய்க்காலில் தூர் வாராவிட்டால் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. இது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். துறைமுகத்தின் கதியும் அதுதான். கடல் தள்ளும் மண்ணால் கப்பல் வரும் வழி மேடாகிவிடும். மில்லுக்கு இயந்திரம் வராது. நூலும் துணியும் வெளியே போகாது.

தூர்வாரும் கப்பல் நீண்ட குழாயைக் கடலடிக்கு இறக்கி, பம்பினால் சேற்றை உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்புகிறது. கடலுக்குள் சென்று, அடிக்கதவைத் திறந்து கொட்டிவிட்டுத் திரும்புகிறது. இரவும் பகலும் ஷிப்டு உண்டு. வாரிய இடத்தில் மீண்டும் மண் சேரும்; வேலைக்கு முடிவில்லை.

இதற்கென்றே 1976ல் பொதுத்துறையில் இந்திய தூர்வாரும் கழகம் அமைந்தது. 2017ல் அதை விற்க மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். 2019ல் சர்க்காரின் 73.47 சதவீதப் பங்குகள் தனியாரிடம் போகவில்லை. விசாகப்பட்டினம், பாரதீப், ஜவஹர்லால் நேரு, தீனதயாள் துறைமுகங்களிடம் சென்றன. போராட்டம் வீண் போகவில்லை!

ஆனால் நடந்தது என்ன? துறைமுகத் தொழிலாளியின் உழைப்பில் சேர்ந்த பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. அதில் ஒரு புதுக் கப்பல்கூட வரவில்லை; பங்குப் பத்திரம்தான் கை மாறியது.

ஹாலந்து, பெல்ஜியம் நாட்டுப் பெருங்கம்பெனிகள் உலகெங்கும் இத்தொழிலில் கோலோச்சுகின்றன. நம் கப்பல்கள் துருப்பிடித்தால், அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுக்க வேண்டியதுதான்.

ஆகவே நாம் கோருகிறோம்: கழகம் பொதுத்துறையிலேயே நீடிக்க வேண்டும், புதிய கப்பல்கள் வாங்க வேண்டும், காண்ட்ராக்ட் முறை ஒழிய வேண்டும். மில்லிலும் வயலிலும் உழைப்போரே, இது உங்கள் கோரிக்கையும்தான்!