கயிற்றின் பின்முனையில் இருப்பவர்

 

இம்மாதம் நான் எழுதப்போவது மார்க்கச் சட்டமல்ல. பழுதான காரை ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் விடயம். “மௌலவிக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு அப்படி இழுபட்ட காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் நான்தான்.

என் தங்கை குடும்பம் புத்தளத்திலிருந்து முல்லைத்தீவு தண்ணீரூற்றுக்குக் குடிபெயர்ந்தது. குடிபெயர்ந்தது என்பதைவிடத் திரும்பியது என்பதே சரி. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வாப்பா விட்டுவந்த காணியில் மச்சான் ஒரு வீடு கட்டியிருந்தார். அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. எஞ்சின் பழுதான ஒரு பழைய காரும் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களுக்கும் பெருவிலை ஏறியதை நீங்கள் அறிவீர்கள். விற்க மனமில்லை. “லொறிக்கு ஏன் வீண் காசு? கயிறு போட்டு இழுப்போம் மௌலவி” என்றார். நானும் சரி என்றேன்.

தூரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். புத்தளத்திலிருந்து அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, மாங்குளம். அங்கே கண்டி வீதியைவிட்டுத் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகத் தண்ணீரூற்று. 200 கிலோமீற்றருக்கு மேல். இடையில் காட்டு வழிகள். பொழுதுபட்டால் யானை வரும். அதனால் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டோம். என் பக்கத்தில் 12 வயது மருமகன். ஆசைப்பட்டுக் கேட்டான், ஏற்றிக்கொண்டேன்.

நொச்சியாகம தாண்டியதும் மாடொன்று குறுக்கே வந்தது. மச்சான் பிரேக் பிடித்தார். நானும் மிதித்தேன். மிதிகட்டை கல்லாக நின்றது! கார் ஜீப்பின் பின்புறத்தில் போய் முட்டி நின்றது. முன்விளக்கு நொறுங்கியது. பிள்ளையின் நெற்றி வீங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவோடு போயிற்று.

காரணத்தை அநுராதபுரத்தில் ஒரு மெக்கானிக் விளக்கினார். காரின் பிரேக்குக்குக் கால் பலத்தோடு எஞ்சினின் உறிஞ்சு சக்தியும் துணை நிற்கிறது. எஞ்சின் ஓடாவிட்டால் அந்தத் துணை இல்லை. பல மடங்கு பலமாக மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் அப்படியே கனத்துவிடும். சாவியை முழுதாக அணைத்து எடுத்துவிட்டாலோ ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கயிறோ இழுக்க மட்டுமே உதவும், நிறுத்த உதவாது. முன் வாகனம் நின்றால் பின்னால் வரும் ஒரு தொன் இரும்பை நிறுத்துவது பின்னால் இருப்பவரின் கால்தான். ஆகவே முன்னவர் வேகம் குறைக்குமுன் பின்னவர் மெல்லப் பிரேக் பிடித்துக் கயிறு தொய்யாமல் வைத்திருக்க வேண்டுமாம். தொய்ந்த கயிறு மறுபடி இழுபடும்போது வெட்டி இழுத்து அறுந்தும் விடும். இதை 200 கிலோமீற்றருக்கு யாரால் செய்ய முடியும்?

ஒட்டோ கியர் கார் என்றால் இன்னும் கவனம். கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றி அனுப்பும் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் நிற்க, சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே காய்ந்து தேய்ந்துவிடும். எஞ்சின் இழுக்கும் சக்கரங்கள் நிலத்தில் படாமல் தூக்க வேண்டும்; நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனமென்றால் முழுதாக ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.

பின்னால் பாரம் இழுப்பது வன்னிக்குப் புதிதா என்ன? 2008இல் கிளிநொச்சிப் பக்கத்து மக்கள் கூரைத் தகரம், கதவு, நெல் மூட்டையெல்லாம் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தார்கள். பெட்டியின் பின்புறத்தில் பாரம் கூடினால் பெட்டி ஆடும், இறக்கத்தில் பாரம் முன்னே தள்ளும் என்பது அங்கே லேண்ட்மாஸ்டர் ஓட்டும் பையனுக்கும் தெரியும். அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதிய எனக்குத் தெரியவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் செய்தியை எத்தனை ஜும்ஆவில் சொல்லியிருப்பேன்! புறப்படுமுன் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்க்கவில்லையே.

வாப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “தொண்ணூறுல அந்தக் காரை விட நல்ல வாகனத்தையே விட்டுட்டு, உங்களத்தான்டா தூக்கிட்டு வந்தேன்” என்றார். மச்சான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு லொறி தேடப் போனார். கார் லொறியின் முதுகில் ஏறி அஸருக்கு முன் தண்ணீரூற்று போய்ச் சேர்ந்தது. லொறிக் கூலியும் உடைந்த விளக்கும் சேர்ந்து, முதலிலேயே லொறி பிடித்திருந்தால் கொடுக்க வேண்டியதைவிடக் கூடிவிட்டது.

பக்கத்துக் கராஜ் வரை ஓரிரு கிலோமீற்றர் என்றால் கயிறு போடலாம். பம்பரில் கட்டாதீர்கள்; அதற்கென்றுள்ள கொக்கியில் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி தொங்கட்டும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, சாவியைப் பூட்டு விடுபடும் நிலையில் வையுங்கள். முன்னவர் மெல்ல நகர்ந்து கயிற்றை இறுக்கிய பிறகே இழுக்கட்டும். பின்னால் உட்காருபவர் அனுபவமுள்ள ஓட்டுநராக இருக்கட்டும். தூரப் பயணமென்றால் லொறிதான். பிள்ளைகளை இழுபடும் காரில் ஒருபோதும் ஏற்றாதீர்கள். ஜீப்பில் இடமில்லையென்றால் அடுத்த பஸ்ஸில் வரட்டும்.