தமிழ்ப் புதுச்சேரியையும் காப்போம்

புதுச்சேரி என்றதும் கடற்கரையை ஒட்டிய மஞ்சள் நிற பிரெஞ்சு மாளிகைகள்தான் நினைவுக்கு வருகின்றன. நகரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே உள்ள தமிழர் வீதிகளுக்கு அந்தப் பெருமை கிடைப்பதில்லை. 1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய நகரம் மீண்டும் எழுந்தபோது, இவ்வீதிகளும் சேர்ந்தே எழுந்தன.

இங்குள்ள வீடுகளில் தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம் உண்டு; அதில் வழிப்போக்கரும் அமரலாம். அடுத்து, வீட்டுக்கு வருவோர் அமரும் திண்ணை. உள்ளே முற்றம். பல வீடுகளில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ். மேல்தளத்திலோ வளைவுச் சாளரங்களும் பிரெஞ்சு பாணிச் சுவர்த்தூண்களும். இரு மரபுகள் ஒரே சுவரில் இணைந்த இத்தகைய வீடுகள் வேறெங்கும் அரிது.

இவைதான் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. பாகப்பிரிவினை, பராமரிப்புச் செலவு, மனையின் விலை என்று காரணங்கள் பல. உரிமையாளரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே அவருக்குப் பெரும்பாடு.

மீட்க முடியும் என்பதற்கு வைசியாள் வீதியே சான்று. ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே வீட்டு முகப்புகளைப் புதுப்பித்தது. 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அதே முயற்சியை மற்ற வீதிகளுக்கும் அரசு விரிவாக்க வேண்டும். பழுதுபார்க்க மானியம், சொத்து வரிச் சலுகை, கொத்தனார்களுக்குப் பயிற்சி ஆகியவற்றை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்க வேண்டும். மரபுக் கட்டடமாகப் பட்டியலிட்ட வீட்டை அனுமதியின்றி இடிப்போர் மீது நடவடிக்கையும் தேவை.